ஒரு பேற்றை இருமுறை எண்ணலாமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் நிகழ்தகவு பற்றிய வினா ஒன்றுக்கு விடை எழுதியபோது, "இரண்டு நிகழ்ச்சிகளும் தம்முட் புறநீங்குவனவாயின் அவற்றின் நிகழ்தகவுகளைக் கூட்டிவிடலாம்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அப்பாற் சென்றுவிட்டேன். (தம்முட் புறநீங்குவன என்றால், இரண்டும் ஒருசேர நிகழ முடியாதவை.) அந்த ஒரு வரி தங்களுக்குப் போதவில்லை என்று வன்னியின் பல பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. குற்றம் என்னுடையதே. ஆகவே இவ்விதழில் எனக்குத் தரப்பட்ட பக்கங்கள் முழுவதையும் அந்த வரிக்கே ஒதுக்குகிறேன். கேத்திரகணிதத் தேற்றங்கள் பற்றிக் கேட்டு எழுதியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: ஐயா, நான் இம்முறை சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் மாணவி. எங்கள் வகுப்பில் 40 பேர் இருக்கிறோம். ஒருநாள் யார் யார் எப்படிப் பாடசாலைக்கு வந்தார்கள் என்று கணக்கெடுத்தோம். சைக்கிளில் வந்தவர்கள் 22 பேர், பஸ்ஸில் வந்தவர்கள் 15 பேர், நடந்து மட்டும் வந்தவர்கள் 10 பேர். எழுமாற்றாகத் தெரிவுசெய்யப்படும் ஒருவர் சைக்கிளிலோ பஸ்ஸிலோ வந்தவராக இருப்பதற்கான நிகழ்தகவு 37/40 என்று எழுதினேன். ரீச்சர் பிழை போட்டுவிட்டார். கூட்டலில் பிழையில்லையே? (முள்ளியவளை)

பதில்: கூட்டலில் பிழையில்லைத்தான், பிள்ளை. ஆனால் நீங்கள் எழுதி அனுப்பிய மூன்று எண்களையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். 22, 15, 10 ஆகியன சேர்ந்தால் 47 வருகின்றது. வகுப்பில் இருப்பதோ 40 பேர். வேறு எவ்வகையிலும் எவரும் வரவில்லை என்று கொண்டால் (அப்பாவின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவர் எவருமில்லை என்று நம்புகிறேன்), மிகையாக நிற்கும் அந்த 7 பேர் எங்கிருந்து வந்தார்கள்? உள்வீதியிலுள்ள வீட்டிலிருந்து சைக்கிளில் பிரதான வீதிவரை வந்து, சந்திக் கடையொன்றில் சைக்கிளைச் சாத்திவிட்டு, அங்கிருந்து பஸ் ஏறுகின்ற பிள்ளைகள் உங்கள் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. அவர்கள் சைக்கிள் கணக்கிலும் கை உயர்த்தியிருப்பார்கள். பஸ் கணக்கிலும் உயர்த்தியிருப்பார்கள். அந்த 7 பேரையும் நீங்கள் இருமுறை எண்ணிவிட்டீர்கள். ஒருமுறை கழித்துவிட்டால் 22 + 15 − 7 = 30 என்று வரும். எனவே சரியான விடை 30/40, அதாவது 3/4. நடந்து மட்டும் வந்தவர்கள் 10/40 என்பதை 1 இலிருந்து கழித்தாலும் அதே விடைதான் வருகின்றது என்பதைக் கவனியுங்கள்.

இரண்டு நிகழ்ச்சிகள் தம்முட் புறநீங்குவன என்று சொல்வதன் பொருள், ஒரே பரிசோதனையின் எந்தவொரு பேறும் (கிடைக்கக்கூடிய முடிவும்) அவ்விரண்டுக்கும் சேர்ந்து உரியதாக இருக்க முடியாது என்பதேயாகும். தொடைகளின் மொழியில் சொன்னால் அவற்றின் இடைவெட்டு (இரண்டுக்கும் பொதுவான பகுதி) ஒரு சூனியத் தொடை, அதாவது உறுப்பெதுவும் இல்லாதது. வென் வரிப்படத்தில் அவை ஒன்றையொன்று தொடாத இரு வட்டங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதையே "ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்" என்கின்றன. நம்முடைய சொல்லைவிட அந்தச் சொல் பிள்ளைகளுக்கு விரைவில் விளங்குகின்றது என்பது என்னுடைய அனுபவம். பரீட்சைத் தாளில் நம்முடைய சொல்லே வரும் என்பதால் இரண்டையும் அறிந்து வைத்திருப்பது நல்லது. உங்கள் வகுப்பில் "நடந்து மட்டும் வந்தவர்", "பஸ்ஸில் வந்தவர்" என்பவை தம்முட் புறநீங்குவன; அவ்விரண்டையும் தயங்காமற் கூட்டலாம். "சைக்கிளில் வந்தவர்", "பஸ்ஸில் வந்தவர்" என்பவை அப்படியல்ல.

மூன்று நிகழ்தகவுகளின் மொத்தம் 47/40 ஆகி 1 ஐத் தாண்டியதால்தான் இந்தப் பிழை நம் கண்ணிற் பட்டது. நடந்து வந்தவர்களை நீங்கள் எண்ணாமல் விட்டிருந்தால் 37/40 என்பது பார்வைக்கு நல்ல விடையாகவே இருந்திருக்கும். கூட்டுத்தொகை 1 இலும் கூடினால் நிகழ்ச்சிகள் புறநீங்குவன அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். கூடாவிட்டால் அதிலிருந்து எதையும் சொல்ல முடியாது.

கேள்வி: எங்கள் ஊர்ச் சிறுகுளம் வான் பாய்வதும் வற்றிப்போவதும் தம்முட் புறநீங்கும் நிகழ்ச்சிகள் என்று என் மகன் படித்துவிட்டு வந்து சொல்கிறான். நானோ ஒரே வருடத்தில் இரண்டையும் கண்டவன். யார் சொல்வது சரி? இன்னொன்றும் கேட்க வேண்டும். அறுவடை நேரத்தில் வானிலை அறிவித்தலில் வெள்ளிக்கிழமை மழைக்கு 60 வீதம், சனிக்கிழமை மழைக்கு 70 வீதம் என்று சொன்னால், இரண்டு நாளில் ஒரு நாளாவது மழை பெய்வதற்கு எத்தனை வீதம்? 130 என்று சொன்னால் மகன் சிரிக்கிறான். (கண்டாவளை)

பதில்: இருவரும் சரி. பரிசோதனை எது என்று சொல்லாமல் வாதாடுவதால்தான் இருவருக்கும் ஒத்துவரவில்லை. "எழுமாற்றாக ஒரு நாளைத் தெரிவுசெய்து அன்றைக்குக் குளத்தைப் பார்த்தல்" என்பது பரிசோதனையாயின், வான் பாய்வதும் வற்றிக் கிடப்பதும் ஒரே நாளில் நிகழ முடியாது. மகன் சொல்வது சரி. "எழுமாற்றாக ஓர் ஆண்டைத் தெரிவுசெய்தல்" என்பது பரிசோதனையாயின், வடகீழ்ப் பருவமழையில் மார்கழியில் வான் பாய்ந்த அதே குளம் ஆவணியில் வெடித்துக் கிடப்பது வன்னியில் புதினமல்ல. அந்த ஆண்டு இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் உரிய பேறாகிவிடும். நிகழ்ச்சிகளின் பெயரை மட்டும் பார்த்துப் புறநீங்குவனவா என்று தீர்மானிக்கக் கூடாது. மாதிரி வெளியில் (எல்லாப் பேறுகளும் அடங்கிய தொடையில்) ஒரு பேறு என்பது எது, நாளா, ஆண்டா, ஆளா என்பதை முதலில் நிச்சயிக்க வேண்டும். பாடநூல்கள் இந்த இடத்தில் போதிய நேரம் செலவழிப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

மழைக் கணக்கில் மகன் சிரித்ததில் நியாயமுண்டு. ஆனால் அந்த 130 பயனற்ற எண்ணுமல்ல. வெள்ளியும் சனியும் மழை பெய்வது தம்முட் புறநீங்குவன அல்ல என்பதை அது நிறுவிவிடுகின்றது. அத்தோடு, இரு நாளும் மழை பெய்வதற்கு ஆகக்குறைந்தது 30 வீதம் இடமுண்டு என்பதையும் காட்டுகின்றது. மேற்பக்கமாகப் பார்த்தால் இரு நாளும் பெய்வதற்கான நிகழ்தகவு 60 வீதத்தை விஞ்ச முடியாது, ஏனெனில் வெள்ளிக்கே 60 தான் இருக்கின்றது. ஆகவே ஒரு நாளாவது மழை பெய்வது 70 வீதத்துக்கும் 100 வீதத்துக்கும் இடையில் எங்கோ இருக்கின்றது. அறிவித்தலில் உள்ள இரண்டு எண்களை மட்டும் கொண்டு இதற்கு மேல் எவராலும் சொல்ல முடியாது.

இரு நாளும் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொண்டால், மழையில்லாத வெள்ளிக்கு 0.4, மழையில்லாத சனிக்கு 0.3, இரண்டையும் பெருக்க 0.12 வரும், அதனை 1 இலிருந்து கழிக்க 88 வீதம் என்று விடை எழுதலாம். மகனுடைய வினாத்தாளில் அப்படித்தான் கேட்பார்கள். ஆயினும் வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் வந்து நின்றால் மழை நாட்கள் சேர்ந்து வருவதும், அது விலகினால் வெயில் நாட்கள் சேர்ந்து வருவதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படிச் சேர்ந்து வரும்போது இரு நாளும் மழையின்றிக் கழிவதற்கான நிகழ்தகவு 12 வீதத்திலும் கூடும். ஆனால் 30 வீதத்தைத் தாண்டாது. அறுத்த நெல்லை வீதியோரத்தில் காயவிடுவதா என்பதை இதை வைத்து நீங்களே தீர்மானிக்கலாம்.

கேள்வி: உயர்தரத்தில் கணிதம் பயில்கிறேன். தம்முட் புறநீங்கும் நிகழ்ச்சிகளுக்கு ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் இல்லை. சாரா நிகழ்ச்சிகளுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே? எதற்காக இரண்டு பெயர்? (கிளிநொச்சி)

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக உங்களைப் பாராட்டுகிறேன், தம்பி. பலரும் இதைக் கேட்காமலே பரீட்சை எழுதி, சித்தியும் எய்திவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல, ஏறக்குறைய ஒன்றுக்கொன்று எதிரானவை. வட்டங்கள் விலகி நிற்பதைப் படத்தில் பார்க்கும் கண், "விலகியவை தொடர்பற்றவை" என்று தானாகவே முடிவுகட்டிவிடுகின்றது. அந்த முடிவுதான் பிழை.

கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் விடிய விடிய நடக்கும் 304 விளையாட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு இனங்களிலும் 7 முதல் ஆசு வரை எட்டெட்டாக 32 கடதாசிகள். (ஒவ்வோர் இனத்திலும் உள்ள புள்ளிகளைக் கூட்டினால் 76, நான்கு இனங்களுக்கும் 304. விளையாட்டின் பெயர் அங்கிருந்துதான் வந்தது.) கட்டை நன்றாகக் கலைத்து ஒரு கடதாசியை எடுக்கிறோம். அது ராசாவாக இருப்பதற்கு 4/32, அதாவது 1/8. ராணியாக இருப்பதற்கும் 1/8. ஒரே கடதாசி ராசாவாகவும் ராணியாகவும் இருக்க முடியாதாகையால் இவை தம்முட் புறநீங்குவன; ராசா அல்லது ராணி வருவதற்கு 1/8 + 1/8 = 1/4.

இப்போது, கடதாசியை எடுத்தவர் அதனை உங்களுக்குக் காட்டாமல், "இது ராசா" என்று மட்டும் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ராணியாக இருப்பதற்கான நிகழ்தகவு 1/8 இலிருந்து ஒரேயடியாக 0 இற்கு விழுந்துவிட்டது. ஒன்று நிகழ்ந்த செய்தி மற்றதைப் பற்றிய உங்கள் கணிப்பை இவ்வளவு தூரம் மாற்றிவிடுமாயின், அவற்றை எவ்வாறு தொடர்பற்றவை என்று சொல்வது? ஒரே கதிரைக்குப் போட்டியிடும் இருவரைப் போல, ஒருவர் அமர்ந்தால் மற்றவருக்கு இடமில்லை என்னும் அளவுக்கு இறுகிய தொடர்பு அது.

சாரா நிகழ்ச்சிகளுக்கு உதாரணம் அதே கட்டிலேயே இருக்கின்றது. "ஆசு" என்பது ஒரு நிகழ்ச்சி. "சிவப்பு" என்பது இன்னொன்று. ஆசு வருவதற்கு 1/8. எடுத்த கடதாசி சிவப்பு என்று தெரிந்த பின்னர் கேட்டாலும், 16 சிவப்புக் கடதாசிகளில் 2 ஆசுகள் இருப்பதால், அதே 1/8. சிவப்பு என்ற செய்தி ஆசு வருவதைப் பற்றி உங்களுக்கு எதையும் சொல்லவில்லை, இதுவே சாராமை. ஆனால் இவை புறநீங்குவன அல்ல. இரண்டு சிவப்பு ஆசுகள் இரண்டு தொடைகளிலும் இருக்கின்றன. எனவே ஆசு அல்லது சிவப்பு வருவதற்கு 4/32 + 16/32 − 2/32 = 18/32, அதாவது 9/16.

பொதுவாகச் சொல்வதாயின், இரு நிகழ்ச்சிகளுக்கும் பூச்சியமல்லாத நிகழ்தகவு இருக்கும்போது அவை ஒருசேரப் புறநீங்குவனவாகவும் சாராதவையாகவும் இருக்க முடியாது. சாராதவையாயின் இரண்டும் சேர்ந்து நிகழ்வதற்கான நிகழ்தகவு அவ்விரண்டின் பெருக்கம். பூச்சியமல்லாத இரு எண்களின் பெருக்கம் பூச்சியமாகாது. புறநீங்குவனவாயின் அது பூச்சியமாக வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு: 304 கட்டில் "2" என்ற கடதாசி இல்லவே இல்லை. "2 வருதல்" என்பதன் நிகழ்தகவு 0 ஆகையால் அது சிவப்போடு புறநீங்குவதாகவும் இருக்கும், சாராததாகவும் இருக்கும். பல்தேர்வு வினாவில் இந்த விதிவிலக்கை வைத்து மடக்குபவர்களும் உண்டு.

இந்தக் குழப்பத்துக்கு வகுப்பறைச் சூத்திரம் ஒன்றும் காரணம் என்று நினைக்கிறேன். "'உம்' வந்தால் பெருக்கு, 'அல்லது' வந்தால் கூட்டு" என்று பரீட்சை நெருங்கும் காலத்தில் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம், நானும் சொல்லிக்கொடுத்தவன்தான். பெருக்குவதற்குச் சாராமை வேண்டும், கூட்டுவதற்குப் புறநீங்கல் வேண்டும் என்ற நிபந்தனைகள் இரண்டும் அந்தச் சூத்திரத்தில் உதிர்ந்துபோய்விடுகின்றன. போதாக்குறைக்கு, "தேத்தண்ணியோ கோப்பியோ?" என்று வீட்டில் கேட்டால் ஒன்றைத்தான் கேட்க வேண்டும் என்பது நமக்குப் பழக்கம். கணிதத்தில் வரும் "அல்லது" அப்படிப்பட்டதல்ல. இரண்டையும் குடிப்பவரும் அதில் அடங்குவார்.

கேள்வி: நிரப்பி நிகழ்ச்சியும் தம்முட் புறநீங்கும் நிகழ்ச்சியும் ஒன்றா? (துணுக்காய்)

பதில்: அல்ல. ஒரு நிகழ்ச்சியும் அதன் நிரப்பியும் (அந்நிகழ்ச்சி நிகழாமையும்) எப்போதும் புறநீங்குவன. அத்துடன் இரண்டும் சேர்ந்தால் மாதிரி வெளி முழுவதும் நிரம்பிவிடும். ஆறு முகத் தாயக்கட்டையில் "1 விழுதல்", "6 விழுதல்" என்பவை புறநீங்குவன. ஆனால் 3 விழுந்தால் இரண்டும் நிகழவில்லை. எனவே அவை ஒன்றுக்கொன்று நிரப்பியல்ல.

கேள்வி: மூன்று நிகழ்ச்சிகள் தரப்பட்டால், மூன்றுக்கும் பொதுவான பேறு எதுவும் இல்லை என்று காட்டினால் போதுமா? இந்தக் கூட்டல் விதியை யார் நிறுவினார்கள்? (ஒட்டுசுட்டான்)

பதில்: போதாது. தாயக்கட்டையில் "1 அல்லது 2", "2 அல்லது 3", "3 அல்லது 1" என்று மூன்று நிகழ்ச்சிகளை எடுங்கள். மூன்றுக்கும் பொதுவான எண் எதுவுமில்லை. ஒவ்வொன்றின் நிகழ்தகவும் 1/3, கூட்டினால் 1. ஆனால் 4, 5, 6 விழுந்தால் மூன்றில் ஒன்றுமே நிகழாது. உண்மையான விடை 1/2. சோடி சோடியாக எடுத்து, ஒவ்வொரு சோடிக்கும் பொதுவான பேறு இல்லை என்று காட்ட வேண்டும்.

யார் நிறுவினார்கள் என்ற கேள்விக்குச் சற்று வியப்பான விடை: இன்றைய அமைப்பில் அது நிறுவப்படுவதில்லை, எடுத்துக்கொள்ளப்படுகின்றது. ரஷ்யக் கணிதவியலாளர் கொல்மகோரவ் 1933 இல் நிகழ்தகவுக்கு வெளிப்படையுண்மைகளை (நிறுவாமலே ஏற்றுக்கொள்ளும் அடிப்படைக் கூற்றுகளை) வகுத்தபோது, எந்த நிகழ்தகவும் மறையெண் ஆகாது, முழு மாதிரி வெளியின் நிகழ்தகவு 1, புறநீங்கும் நிகழ்ச்சிகளின் நிகழ்தகவுகள் கூடும் என்பவற்றை அடித்தளமாக வைத்தார். கழித்தல் வரும் பொதுச் சூத்திரத்தை இவற்றிலிருந்துதான் பெறுகிறோம். சமனாக நிகழத்தக்க பேறுகளை எண்ணும் பாடசாலைக் கணக்கில், பொதுவான உறுப்பில்லாத இரு குவியல்களைச் சேர்த்து எண்ணினால் மொத்தம் கிடைக்கும் என்பதற்கு மேல் அதில் வேறெதுவுமில்லை.

கேள்வி: எங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் 100 சீட்டுகள் மாத்திரம் விற்று ஒரு பரிசுக்குக் குலுக்கல் வைத்தது, நான் 50 சீட்டுகள் வாங்கினேன். பக்கத்து ஊரிலும் அதே மாதிரி 100 சீட்டு, ஒரு பரிசு. அங்கும் 50 வாங்கினேன். 1/2 உம் 1/2 உம் 1, ஆகவே ஒரு பரிசு நிச்சயம் என்று நண்பர்களிடம் பந்தயம் கட்டினேன். இரண்டிலும் விழவில்லை, பந்தயக் காசும் போய்விட்டது. கணிதம் பொய்யா? (மாங்குளம்)

பதில்: கணிதத்தின் மீது பழி போடாதீர்கள். உங்கள் ஊர்க் குலுக்கலில் பரிசு ஒரு சீட்டுக்குத்தான். உங்கள் சீட்டுகளில் ஒன்றுக்கு விழுந்தால் மற்றதற்கு விழாது. 50 சீட்டுகளும் தம்முட் புறநீங்கும் 50 நிகழ்ச்சிகள். ஆகவே 1/100 ஐ 50 தடவை கூட்டி 1/2 என்று பெற்றது முற்றிலும் சரி. பக்கத்து ஊரிலும் சரி. ஆனால் இரு ஊர்களையும் சேர்த்துக் கூட்டிய இடத்தில் சறுக்கிவிட்டீர்கள். உங்கள் ஊரில் பரிசு விழுவது பக்கத்து ஊரில் விழுவதைத் தடுக்காது. இரண்டும் விழுவதற்கு 1/4 இருக்கின்றது. அதனைக் கழித்தால் ஒரு பரிசாவது கிடைப்பதற்கு 3/4. மீதி 1/4 தான் உங்களுக்கு வாய்த்தது.

இந்த இடத்தில் இடறியவர் நீங்கள் மட்டுமல்ல. ஒரு தாயக்கட்டையை 4 தடவை உருட்டினால் 6 விழுவதற்கு எவ்வளவு என்று கேட்டால், நாலு தடவை 1/6, ஆகவே 4/6 என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அப்படியானால் 6 தடவை உருட்டினால் 6 விழுவது நிச்சயமாக வேண்டும். தாயம் விளையாடிய எவரும் அதை நம்பமாட்டார். முதல் உருட்டலில் 6 விழுவது இரண்டாவதில் விழுவதைத் தடுக்காது என்பதால் இவை புறநீங்குவன அல்ல. ஒருமுறையும் விழாமற் போவதற்கு 5/6 ஐ நாலு தடவை பெருக்க 625/1296. அதனை 1 இலிருந்து கழிக்க 671/1296, ஏறத்தாழ 0.518. பிரான்சில் சூதாட்டத்தில் ஈடுபாடு கொண்டிருந்த தெ மெரே என்னும் எழுத்தாளர், பாதிக்கு மேல் வாய்ப்புப் பெற ஒரு கட்டைக்கு 4 உருட்டல் போதுமாயின், இரு கட்டைகளில் 6 உம் 6 உம் சேர்ந்து விழுவதற்கு, பேறுகள் 6 இலிருந்து 36 ஆகப் பெருகிய அதே விகிதப்படி 24 உருட்டல் போதும் என்று எண்ணினார். கணக்குப் பார்த்தால் அது ஏறத்தாழ 0.491; பாதியிலும் குறைவு. இந்த முரண்பாட்டை 1654 இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாஸ்கல் இன்னொரு பிரெஞ்சுக் கணிதவியலாளரான பெர்மாவுக்கு எழுதிய கடிதத்தில் காணலாம். நிகழ்தகவுக் கணிதம் வளரத் தொடங்கியது அவ்விருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்தேயாகும்.

சிறிய எண்களில் இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும் என்பதையும் சொல்ல வேண்டும். 500 சீட்டுகள் கொண்ட இரு குலுக்கல்களில் ஒவ்வொரு சீட்டு வாங்கியிருந்தால், கூட்டிப் பெறும் விடை 1000/250000. சரியான விடை 999/250000. இந்த வித்தியாசத்தை எந்தப் பந்தயமும் காட்டிக்கொடுக்காது. நீங்கள் 50, 50 ஆக வாங்கியதால்தான் அகப்பட்டுக்கொண்டீர்கள். அந்த 100 சீட்டுகளையும் ஒரே ஊரில் வாங்கியிருந்தால் பரிசு நிச்சயமாகவே உங்களுக்குத்தான் விழுந்திருக்கும். ஆனால் 100 சீட்டுக்கான காசு பரிசின் பெறுமதியைவிடக் கூடுதலாக இருக்கும். அந்தக் கணக்கைச் சனசமூக நிலையத்தார் சீட்டு அச்சடிக்கும்போதே பார்த்திருப்பார்கள்.